நரம்பு கிடைக்கவில்லை

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்ற வரும் நர்ஸ், முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டி, புறங்கையை நாலு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "நரம்பே கிடைக்க மாட்டேங்குதுங்க. கையை நல்லா இறுக்கி மூடுங்க." மூடுவோம். பச்சையாக ஒன்று புடைத்துக்கொண்டு வரும். ஊசி ஏறும். எல்லாம் சரிதான், அந்த ஒரு சொல்லைத் தவிர. அந்தப் பச்சைக் கோடு சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துப் போகும் குழாய். நிஜ நரம்பில் ஊசி முனை பட்டிருந்தால் விரல் நுனிவரை ஷாக் அடித்ததுபோல் சுரீரென்று இழுத்திருக்கும், கையை உதறியிருப்போம்.

தமிழில் 'நரம்பு' ரொம்ப உழைத்த சொல். இலையில் ஓடும் கோடு நரம்பு. யாழில் மீட்டியது நரம்பு. கறிக்கடையில் கத்திக்கு மசியாமல் ரப்பர் மாதிரி இழுபடும் தசைநாண் நரம்பு. நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களின் கெண்டைக்காலில் நெளிநெளியாகப் புடைக்கும் ரத்தக்குழாய்க்குப் பெயர் 'நரம்பு சுருட்டல்'. இதில் நாம் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கிரேக்கர்களின் 'நியூரான்' என்ற சொல்லும் முதலில் தசைநாணையும் வில்லின் நாணையும்தான் குறித்தது. உடம்புக்குள் இழுத்துக் கட்டிய நூல்போலத் தெரிந்ததெல்லாம் அங்கேயும் ஒரே பெயரில்தான் போயிற்று.

இந்தக் குழப்பத்தில் காசு பார்ப்பவர்களும் உண்டு. பஸ் ஸ்டாண்டு சுவரில் 'நரம்புத் தளர்ச்சி' விளம்பரம் பார்க்காதவர் யார்? தளர்வதற்கும் முறுக்கேறுவதற்கும் நரம்பு ஒன்றும் கட்டில் கயிறு இல்லை. 1869இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்டு களைப்பு, தலைவலி, மனக்கலக்கம் என்று பலதையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'நியூரஸ்தீனியா' என்ற பெயரைப் பரப்பினார். நரம்பில் இருக்கும் சக்தி தீர்ந்துபோவதால் வருகிற நோய் என்பது அவர் கணக்கு. இன்றைய மருத்துவம் ஏறக்குறைய அந்தப் பெயரைக் கைவிட்டாயிற்று. லாட்ஜில் ரூம் எடுத்து வைத்தியம் பார்ப்பவர்களுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை போலும்.

சரி, நிஜ நரம்பைத் தொட்டுப் பார்க்க முடியுமா? முடியும். முழங்கையை லேசாக மடக்குங்கள். உள்பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்பு முடிச்சுக்குப் பின்னால் ஒரு சிறு பள்ளம் இருக்கும். மற்றொரு கையின் விரலை அதில் வைத்து மெதுவாக உருட்டினால் கயிறு மாதிரி ஒன்று விரலுக்கடியில் நழுவும். கூடவே சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் கூசும். கதவு நிலையில் முழங்கை இடித்தால் ஷாக் அடிப்பது இதில்தான். இதன் பெயர் அல்நார் நரம்பு. எலும்புக்கும் தோலுக்கும் நடுவே, மெத்தை எதுவும் இல்லாமல், பாவமாக உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பள்ளத்துக்குக் கடைசியில் திரும்பி வருவோம்.

வெட்டிப் பார்த்தால் நரம்பு வெள்ளையாக, பளபளப்பாக இருக்கும். உள்ளே பழைய டெலிபோன் கேபிள் மாதிரி கட்டுக் கட்டாக இழைகள். ஒவ்வொரு இழையும் ஒரு நரம்பு செல்லின் நீண்ட வால். செல்லுக்கு நியூரான் என்றும், அந்த வாலுக்கு ஆக்சான் என்றும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். படத்தில் அதைக் கையகலத்துக்குள் அடக்கிப் போட்டிருப்பார்கள், அதனால் அதன் அளவு மனதில் பதிவதே இல்லை. கால் கட்டை விரலின் தொடு உணர்வைச் சுமக்கும் செல்லை எடுத்துக்கொள்வோம். அதன் உடல் கண்ணுக்குத் தெரியாத சிறு புள்ளி. கீழ்முதுகில், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிறது. வாலோ தொடை, முட்டி, கணுக்கால் எல்லாம் கடந்து விரல் நுனிவரை, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஓடுகிறது. அந்த இழையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்று வைத்து, அதைக் கொடிக் கயிறு அளவுக்குப் பெருக்கினால், நீளம் ஒரு கிலோமீட்டருக்குப் போகும்.

ஒரு கிலோமீட்டர் கயிற்றின் கடைசி முனைக்கு வேண்டிய சாமான்களில் பெரும்பாலானவை முதல் முனையில்தான் தயாராகின்றன. அங்கிருந்து இழைக்குள்ளேயே ஊர்ந்து போக வேண்டும். வேகமாகப் போகும் சரக்குக்கே ஒரு நாளைக்கு 40 சென்டிமீட்டர்தான் கணக்கு. கால் விரலுக்கு இரண்டு மூன்று நாள் பயணம். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்தி மட்டும் அந்த வேகத்தில் போனால் பிழைக்க முடியாது. எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை 1850 வாக்கில் ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற விஞ்ஞானி தவளையின் நரம்பில் அளந்தார். அதை அளக்கவே முடியாது, அவ்வளவு வேகம் என்று அவருடைய ஆசிரியர் யோஹான்னஸ் முல்லர் எழுதி வைத்திருந்தார். அளந்து பார்த்தால் நொடிக்குச் சுமார் 27 மீட்டர். பைபாஸில் போகும் பஸ் அளவு, அவ்வளவுதான். மனித உடம்பில் எல்லா இழையும் ஒரே வேகத்தில் ஓடுவதும் இல்லை. தசையை இயக்கும் தடித்த இழைகளில் நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டும்; மெல்லிய சில இழைகளில் ஒரு மீட்டர்தான், நாம் நடக்கிற வேகம்.

இது கம்பியில் பாயும் மின்சாரம் இல்லை. தீபாவளிச் சரவெடிதான் இதற்குச் சரியான உவமை. ஒரு வெடி வெடித்து அடுத்ததைப் பற்றவைக்கும். முதல் வெடிக்கும் ஆயிரமாவது வெடிக்கும் சத்தம் ஒன்றே. ஆக்சானின் உள்பக்கம் வெளியைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவான மின்னழுத்தத்தில் காத்திருக்கிறது. தூண்டல் வந்ததும் அதன் சவ்வில் உள்ள நுண்கதவுகள் திறந்து, வெளியிலிருக்கும் சோடியம், அதாவது சமையல் உப்பில் இருக்கும் அதே சோடியம், அயனிகளாக உள்ளே பாய்கிறது. அந்த இடத்தில் மின்னழுத்தம் தலைகீழாகிறது. அது பக்கத்துக் கதவைத் திறக்கிறது. ஒரு மில்லிநொடிக்குள் அந்தக் கதவு மூடி, அடுத்து பொட்டாசியம் வெளியேறி, பழைய நிலை திரும்புகிறது. சரவெடி காகிதக் குப்பையாகிவிடும். இது மறுபடி வெடிக்கத் தயாராகிவிடும். வலி கூடினால் வெடியின் சத்தம் கூடுவதில்லை, நொடிக்கு எத்தனை தடவை என்ற எண்ணிக்கைதான் கூடுகிறது. பல் டாக்டர் போடும் மரப்பு ஊசி இந்தச் சோடியம் கதவுகளைத்தான் அடைக்கிறது.

இதைக் கண்டுபிடித்த பெருமையில் கணவாய் மீனுக்கும் பங்கு உண்டு. அதன் உடலில் ஒரு மில்லிமீட்டர் வரை தடித்த ராட்சத ஆக்சான் இருக்கிறது. அதற்குள் மின்முனையைச் செருகி அளந்துதான் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் கணக்கைப் போட்டு முடித்தார்கள். 1963இல் நோபல் வந்தது. கணவாய்க்கு வேகம் வேண்டுமென்றால் இழையைத் தடிமனாக்குவது ஒன்றே வழி. நமக்கு மையலின் என்ற கொழுப்பு உறை கிடைத்திருக்கிறது. இன்சுலேஷன் டேப் மாதிரி இழையைச் சுற்றிக்கொண்டு, ஏறக்குறைய மில்லிமீட்டருக்கு ஒரு சின்ன இடைவெளி விடும். வெடி அந்த இடைவெளிகளில் மட்டும் வெடித்து, தாவித் தாவிப் போகும். உறை இல்லாத இழைகளில் ஒவ்வோர் அங்குலமாக நடந்துதான் போக வேண்டும்.

இந்த இரண்டு வேகத்தையும் சமையலறையிலேயே பார்க்கலாம். தோசை ஊற்றும்போது கல்லின் விளிம்பில் விரல் பட்டுவிடுகிறது. முதலில் நடப்பது கை விலகுவது. 'சுட்டுவிட்டது' என்று தெரிவது அதற்குப் பிறகு. தோலில் இருக்கும் வலி உணரும் முனைகள் ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் விழித்துக்கொள்கின்றன. செய்தி கை வழியாகத் தண்டுவடத்துக்குப் போகிறது. அங்கேயே, மூளையிடம் கேட்காமலே, மடக்கும் தசைக்கு உத்தரவு போய்விடுகிறது. நீட்டும் தசை அடக்கப்படுகிறது. அனிச்சைச் செயல் என்பது இதுதான். நெருஞ்சி முள்ளை மிதித்தால் இன்னும் அழகாக இருக்கும்: மிதித்த கால் தூக்கிக்கொள்ளும், அதே கணத்தில் மறு கால் விறைத்து உடம்பைத் தாங்கும். இரண்டு உத்தரவும் தண்டுவடம் போட்டதே.

பிறகு வலி வருகிறது, இரண்டு தவணையாக. 'சுள்' என்று கூர்மையாக ஒன்று, மெல்லிய உறை போட்ட இழை வழியாக. விரலை வாயருகே கொண்டுபோய் 'ஸ்ஸ்' என்று ஊதுவதற்குள் இரண்டாவது வரும், மெதுவாக, பரவலாக, எரிச்சலாக. அது உறையில்லாத இழையில் நடந்து வந்த செய்தி. கையிலிருந்து முதுகுக்கு நொடிக்கு ஒரு மீட்டர் என்றால் கிட்டத்தட்ட ஒரு நொடி தாமதம். அடுத்த முறை சுட்டுக்கொள்ளும்போது கவனித்துப் பாருங்கள் என்று சொல்லலாம்தான், ஆனால் அந்த நேரத்தில் யாருக்கும் அறிவியல் ஞாபகம் வராது.

பச்சை மிளகாய் நறுக்கிய கை ராத்திரி வரை எரிவதும் இதே முனைகளின் வேலை. சூட்டுக்குத் திறக்கும் அதே கதவை மிளகாயில் உள்ள கேப்சைசின் கள்ளச்சாவி போட்டுத் திறக்கிறது. மூளைக்கு வித்தியாசம் தெரியாது, சூடு என்றே எடுத்துக்கொள்ளும். இந்தக் கதவை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆக, காரம் என்பது நாக்குக்கு வந்த சூடு.

தண்டுவடத்தின் உத்தரவை மூளை ரத்து செய்யவும் முடியும். கொதிக்கும் சாம்பார்ப் பாத்திரம் கையைச் சுட்டாலும், காலடியில் குழந்தை நின்றால் அம்மா அதைக் கீழே போடுவதில்லை. மேலிருந்து இறங்கி வரும் நரம்பிழைகள் அனிச்சைச் செயலை அடக்கிப் பிடிக்கின்றன, பாத்திரம் மேடைக்குப் போய்ச் சேரும்வரை.

தண்டுவடம் என்றதும் நம் ஊரில் ஒரு புகாரைப் பேசியே ஆக வேண்டும். "சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க, அதிலிருந்துதான் முதுகுவலி." வீட்டுக்கு ஒருவராவது இதைச் சொல்வார். தண்டுவடத்திலேயே குத்திவிட்டார்கள் என்ற பயம் இதற்குள் ஒளிந்திருக்கிறது. ஆனால் ஊசி போகும் இடத்தில் தண்டுவடமே இல்லை. பெரியவர்களுக்குத் தண்டுவடத்தின் நீளம் சுமார் 45 சென்டிமீட்டர்தான். வளரும்போது முதுகெலும்பு முந்திக்கொண்டு நீள, தண்டுவடம் பின்தங்கி, கீழ்முதுகின் முதல் அல்லது இரண்டாவது எலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே தண்ணீர் போன்ற திரவத்தில் நரம்பிழைகள் மட்டும் குதிரை வால் மாதிரி மிதந்து தொங்குகின்றன. லத்தீனில் அதற்குப் பெயரே குதிரை வால்தான். மயக்க மருந்து டாக்டர் இடுப்பெலும்பின் இரண்டு உச்சிகளையும் தடவிப் பார்த்து, மனதுக்குள் குறுக்கே ஒரு கோடு போட்டு, அந்த மட்டத்தில் குத்துகிறார். ஊசி வரும்போது இழைகள் பெரும்பாலும் நழுவி வழிவிடும். குத்திய துளை வழியாகத் திரவம் கசிந்தால் சில நாள் தலைவலி வரும், அது உண்மை. குத்திய இடத்தில் சில நாள் நோகலாம், அதுவும் சரி. வருஷக்கணக்காக நீளும் முதுகுவலிக்கு ஊசியைவிடப் பொருத்தமான காரணங்கள் இருக்கின்றன: கர்ப்ப காலத்தில் இளகும் மூட்டுத் தசைநார்கள், வெட்டுப்பட்ட வயிற்றுத் தசை, குனிந்து கூன்போட்டுப் பால் கொடுப்பது, ஓய்வே இல்லாமல் இடுப்பில் குழந்தை. பழியை மட்டும் ஊசி சுமக்கிறது.

தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. மூளையிலிருந்து நேரடியாக 12 ஜோடி. மேலே ஏறும் செய்தி வழியில் எங்கோ பக்கம் மாறுகிறது. வலியும் சூடும் தண்டுவடத்துக்குள் நுழைந்த உடனே எதிர்ப்பக்கம் தாண்டிவிடும்; மென்மையான தொடுதல் மூளையின் அடியில் உள்ள முகுளம்வரை போய்த்தான் தாண்டும். மூளையிலிருந்து தசைக்கு இறங்கும் உத்தரவும் பெரும்பாலும் முகுளத்தில்தான் பக்கம் மாறுகிறது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டால் டாக்டர் மூளையின் இடது பக்கத்தைத் தேடுவது இதனால்தான்.

மூளையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனிப் புத்தகம் ஆகிவிடும், அதனால் கொஞ்சமாக. ஆட்டு மூளை சமைத்தவர்களுக்கு அதன் பதம் தெரியும்: மஞ்சள் தண்ணீரில் போட்டு மேல் ஜவ்வை உரித்தால் ரத்தக்குழாய்களோடு வந்துவிடும், உள்ளே வழுக்கைத் தேங்காய் மாதிரி குழையும். நம்முடையதும் அப்படித்தான், எடை மட்டும் ஏறக்குறைய 1.3 கிலோ. உடல் எடையில் 2 சதவீதம். ஓய்வில் செலவாகும் ஆற்றலிலோ ஐந்தில் ஒரு பங்கு. உள்ளே பாய்ந்த சோடியத்தை மறுபடி வெளியே இறைத்து ஊற்றவே அதில் பெரும்பகுதி போகிறது. எத்தனை நியூரான்கள்? ரொம்ப நாளாகப் பத்தாயிரம் கோடி என்று சொல்லிவந்தார்கள், யாரும் எண்ணாமலே. பிரேசில் விஞ்ஞானி சுசானா ஹெர்குலானோ ஹவுசெல் குழுவினர் மூளையைக் கரைத்து ரசம் மாதிரி ஆக்கி, அதில் மிதந்த செல் உட்கருக்களை எண்ணி 2009இல் வெளியிட்ட கணக்கு: சராசரியாக 8,600 கோடி. அதில் ஐந்தில் நான்கு பங்கு பின்னந்தலைக்குள் உள்ள சிறுமூளையில். சைக்கிளில் சாயாமல் இருக்கவும் சட்டைப் பொத்தானைப் பார்க்காமலே போடவும் அதன் தயவு வேண்டும்.

நம்மைக் கேட்காமல் நடப்பதையெல்லாம் தானியங்கி நரம்புகள் பார்த்துக்கொள்கின்றன. தெரு நாய் துரத்தும்போது பரிவு நரம்புகள் இதயத்தை முடுக்கும், கண்பாவையை விரிக்கும், வாயை வறளவைக்கும். சாப்பிட்டுச் சாய்ந்தால் எதிர்ப்பரிவு நரம்புகள் எல்லாவற்றையும் இறக்கி, குடலை ஓட்டும். இதயத்தைத் தணிக்கும் வேகஸ் நரம்பு இந்த இரண்டாவது கட்சி.

அந்த வேகஸ் நரம்பில்தான் இன்னொரு பெரிய வழக்கு தீர்ந்தது. ஒரு செல்லின் முனைக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே மிகமிகச் சிறிய இடைவெளி இருக்கிறது. சினாப்ஸ். மின்பொறி அதைத் தாவுகிறதா, அல்லது ஏதாவது ரசாயனம் நீந்திப் போகிறதா? ஓட்டோ லோவி என்ற ஆஸ்திரிய மருத்துவருக்கு இதற்கான சோதனை கனவில் வந்தது. எழுந்து துண்டுச் சீட்டில் கிறுக்கிவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் அவர் கையெழுத்து அவருக்கே புரியவில்லை. அடுத்த இரவு கனவு திரும்பி வந்தபோது நேராக ஆய்வகத்துக்கு ஓடினார். இரண்டு தவளை இதயங்கள். ஒன்றின் வேகஸைத் தூண்ட, துடிப்பு குறைந்தது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை மட்டும் எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. 1921இல் வெளியானது இது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின் என்று பிறகு உறுதியானது.

நரம்பிலிருந்து தசைக்கு உத்தரவு போவதும் இதே அசிட்டைல்கோலினால்தான். கட்டுவிரியன் விஷம் தாக்குவது அந்த இடைவெளியை. இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பெரிய வலியோ வீக்கமோ இருக்காது. விடியும்போது வயிற்றுவலி, அப்புறம் கண் இமைகள் தாமாகச் சரிகின்றன. தூக்கக் கலக்கம் என்று நினைத்துவிடுவார்கள். அவர் விழித்துத்தான் இருக்கிறார், மூளை உத்தரவு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. அசிட்டைல்கோலினை விடுவிக்கும் நரம்பு முனைகள் சிதைந்துவிட்டன. விழுங்கும் தசை, பிறகு மூச்சுத் தசை. அந்த முனைகள் மறுபடி வளரும்வரை, சில சமயம் வாரக்கணக்கில், வென்டிலேட்டர்தான் மூச்சு. வயலில் தெளிக்கும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து நேர் எதிர்த் திசையில் கெடுக்கிறது. வேலை முடிந்த அசிட்டைல்கோலினைத் துடைத்தெடுக்கும் நொதியை முடக்கிவிடுவதால் உத்தரவு நிற்காமல் கொட்டிக்கொண்டே இருக்கும்: எச்சில் ஒழுகும், கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கும், தசைகள் துடிக்கும்.

சரி, முழங்கைப் பள்ளத்துக்கு வருவோம். தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சியான இடம் பிடிக்கும். தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளில் புகுந்து, மையலின் சுற்றும் செல்களிலேயே குடியேறும். அதனால்தான் டாக்டர்கள் அந்தப் பள்ளத்தைத் தடவி, நரம்பு தடித்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தடித்த நரம்பு செத்தால் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கி, உணர்வற்றுப் போகும். 1914இல் மிஷனரிகளின் மகனாகப் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த பால் பிராண்ட் 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தபோது, நோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி உதிர்கின்றன என்றே பரவலாக நம்பினார்கள். துருப்பிடித்த பூட்டு ஒன்றை பிராண்டால் திறக்க முடியவில்லை. மெலிந்த நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். தரையில் ரத்தம் சொட்டியது. அவன் விரல் எலும்புவரை அறுபட்டிருந்தது, அவனுக்குத் தெரியவே இல்லை. இரவில் தூங்கும்போது எலி கடித்துப் போவதுகூடச் சிலருக்குத் தெரியவில்லை என்று கண்டுபிடித்து, பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். விரல்களைத் தின்றது வலி இல்லாமை. இறந்த தசைக்குப் பதிலாக உயிருள்ள தசையின் நாணை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய கைகளை அவர் நிமிர்த்தினார்.

இன்று நம் ஊரில் அந்த வேலையைச் சர்க்கரை நோய் செய்கிறது. சம்மணம் போட்டு உட்கார்ந்து கால் மரத்துப்போவது வேறு: நரம்பு கொஞ்ச நேரம் அழுத்தப்பட்டு, எழுந்ததும் எறும்பு ஊர்வதுபோல் ஊர்ந்து திரும்பிவிடும். சர்க்கரையில் திரும்புவதில்லை. முதலில் கெடுவது உடம்பிலேயே நீளமான இழைகள்; சரக்கு போய்ச்சேர இரண்டு மூன்று நாள் ஆகும் அந்தக் கால் விரல் முனைகள். பிறகு காலுறை போட்டதுபோல் மெல்ல மேலேறும்.

என் பெரியப்பா ஒரு நாள் டீக்கடையிலிருந்து வீட்டுக்கு ஒற்றைச் செருப்போடு வந்தார். மற்றொன்று கழன்றதே அவருக்குத் தெரியாது. தெருமுனையில் கிடந்ததைப் பக்கத்து வீட்டுப் பையன் எடுத்துவந்து கொடுத்தான். சிரித்தோம். அப்புறம் பயந்துபோய் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் பெரிதாக எதையும் எடுக்கவில்லை. ஒரு பிடியில் பொருத்திய நைலான் இழை, மீன்பிடி நரம்பு மாதிரி. (பாருங்கள், அதுவும் நரம்பு.) பத்து கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்தது.

"கண்ணை மூடிக்குங்க ஐயா. காலில் படும்போது 'ஆமாம்'னு சொல்லுங்க."

கட்டை விரலின் அடியில் இழையை வைத்து அது வில்லாக வளையும்வரை அழுத்தினார். அடுத்து மூன்றாவது விரல். ஐந்தாவது. பிறகு பாதத்தின் மேடு. பெரியப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைகளை மடியில் கட்டிக்கொண்டு, சொன்ன பேச்சுக் கேட்கும் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் ஆரம்பிக்கலீங்களா சார்?" என்றார்.